இரண்டு இருபதுக்குள்

நகைக்கடனில் வந்தது ஒன்று எண்பது.
சீட்டைத் தள்ளி எடுத்தது நாற்பது.
அண்ணன்கள் ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள்.
எனக்கு வந்தது
காரைக்குடியில், செக்காலைப் பக்கம்,
நான்கு குடித்தனமும் ஒரு கிணறும்.
ஐப்பசி பிறக்குமுன்
மழையை வெளியே நிறுத்த வேண்டும்.

கொத்தனார் சேவுகன் வந்து
கட்டைவிரலால் சுவரை அழுத்தினார்.
விரல் உள்ளே போனது.
"ஓதம் அக்கா" என்றார்,
டாக்டர் சர்க்கரை என்று சொல்கிற குரலில்.
முழங்கால் உயரம் பெயர்த்துப் பூச அறுபது,
மாடிக்குத் தட்டோடு எழுபது,
கக்கூஸ் குழாயைப் பற்றி
இன்றைக்குப் பேச வேண்டாம் என்று
பீடியைப் பற்றவைத்தார்.

கூட்டுறவுச் சங்கத்தில்
ஊரார் கணக்கு எழுதுகிறவள் நான்.
ஐந்து பைசா பிசகினாலும்
ராத்திரி பத்து வரை உட்கார்ந்து தேடுவேன்.
இந்த வீட்டிடம் அது செல்லவில்லை.
ஆணியைப் பிடுங்கினால்
கூடவே செங்கல் வருகிறது.

காலி செய்யச் சொல்ல முடியாது,
வாடகையில்தான் சிமெண்டு வருகிறது.
ஆடுபுலி ஆட்டம்போல
ஒரு கட்டத்தைக் காலியாக வைத்துக்கொண்டு
ஒன்றாம் வீட்டை இரண்டுக்கும்
இரண்டாம் வீட்டுப் பையன்களை மாடிப்படிக்குக் கீழும்
நகர்த்தினோம்.
வெள்ளைக்கண்ணுவின் கிரைண்டர் மட்டும்
யார் சொல்லியும் நகரவில்லை.
அதைச் சுற்றியே பூசினார் சேவுகன்.

கானாடுகாத்தானில் எதையோ இடித்தார்களாம்,
நாலாயிரத்துக்குத் தேக்குக் கதவு கிடைத்தது.
மாட்டுக்கொட்டில் கதவுதான்,
அதுவே எங்கள் நிலையைவிட ஒரு சாண் அகலம்.
கதவை அறுக்க மனம் வராமல்
சுவரை அறுத்தோம்.
அறுத்த கூலி ஐயாயிரம்.

ஆத்தங்குடியில் மூலை உடைந்த கல் பாதி விலை.
ஒன்றாம் வீட்டு அடுக்களையில்
ஒரு பூ பாதியில் நின்று
வேறு பூ தொடங்குகிறது.
யாரும் இதுவரை கேட்கவில்லை.

மூன்றாம் வீடு ரஹ்மத்துனிசாவுடையது.
ரவிக்கை தைக்கிறவள்,
ஒன்பது வருஷத்தில் வாடகை
ஐந்தாம் தேதியைத் தாண்டியதில்லை.
வெள்ளையடிக்கக் காலண்டரைக் கழற்றியபோது
சுவரில் பென்சில்:
குழாய் வாஷர் முப்பத்தைந்து.
ஓட்டைக்குத் தார் நூற்றிருபது.
ஜன்னல் கொக்கி பதினெட்டு.
மறுபடி தார். மறுபடி தார்.
பாம்பு வந்த ஓட்டை, சிமெண்டு, ஆள்கூலி வேண்டாம் என்றார்.
நாற்பத்திரண்டு வரி.
அடியில் கோடு இல்லை, கூட்டல் இல்லை.

நான் கூட்டினேன். தொழில் அப்படி.
ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.
வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்:
"உங்களுக்காக எழுதலக்கா,
எனக்கு மறதி."

அவள் இரண்டு தடவை சொன்னது ஞாபகம் வந்தது.
பார்க்கலாம் என்று
இரண்டு தடவையும் நான் சொன்னதும்.

பெயிண்டர் உருளையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.
அடி என்றேன்.

தையிலிருந்து எல்லாருக்கும் ஐந்நூறு ஏற்றுவதாக இருந்தது.
மூன்றுக்கு மட்டும்
பதிமூன்று மாதம் கழித்து என்று முடிவு செய்தேன்.
நேருக்கு நேர் ரொக்கமாகத் தர
கையில் இல்லை.
பதிமூன்று ஐந்நூறு ஆறாயிரத்து ஐந்நூறு,
அப்படியானால் நூற்றறுபது அவள் எனக்குத் தரவேண்டும் என்று
படுத்தபிறகு மனசு சொன்னது.
வெட்கமாக இருந்தது.
ஆனாலும் சொன்னது.

கக்கூஸ் குழாய் கடைசியில் முப்பத்தெட்டை விழுங்கியது.
வெளிச்சுவருக்குப் பூச்சு இல்லை,
தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு
நான் ஒன்றுமே செய்யவில்லை.

ஐப்பசி நான்காம் தேதி ராத்திரி
கொட்டியது.
கரண்ட் போய், குடையும் டார்ச்சுமாக
ஒவ்வொரு வீடாகப் போனேன்.
ஒன்றில் இல்லை.
மூன்றில் இல்லை, மிஷினில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.
நாலில் கிரைண்டருக்கு மேலே கோணி,
முன்ஜாக்கிரதையாம்.
இரண்டில், சுவிட்சுக்கு ஒரு முழம் தள்ளி
இதுவரை சொட்டாத இடத்தில்
டொக்.

பையன்கள் ஏற்கெனவே வாளி வைத்திருந்தார்கள்.
"எழுதி வை தம்பி" என்றேன்,
"பேப்பர்ல."